எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடிந்து காலையில் ஜோஸ்பின் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அப்பா சேவியரைக் காணோம். இரண்டு வருஷமாக ஞாபகம் தப்பிய மனுஷன். "அப்பா" என்றால் திரும்ப மாட்டார். பெயரைச் சொன்னால்தான் "ஓய்" என்பார். பெற்றவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஜோஸ்பின் கூசிக் கூசிப் பழகியிருந்தாள், அதுவும் வீட்டுக்குள் மட்டும்.

கரும்புக் கொல்லை ஓரத்தில் அவர் செருப்பு ஒன்று கிடந்தது. தெருக்காரர்கள் "சேவியரு! சேவியரு!" என்று கத்திக்கொண்டே உள்ளே இறங்கினார்கள். கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தது. பங்குனி வெயில் வேறு. பாதிக் கொல்லை முடிந்தபோது, கல்யாண வீடியோ எடுக்கும் கலைவேந்தனின் நினைப்பு ஜோஸ்பினுக்கு வந்தது. போன் போட்டாள்.

"ட்ரோன் வருதுப்பா. மேலருந்து பாத்தா கரும்பு சாஞ்ச தடம் தெரியும். எல்லாரும் ரோட்டுக்கு வாங்க."

நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள். தேடுவதை விட்டு எல்லாரும் வந்து நிழலில் உட்கார்ந்தார்கள்.

கலைவேந்தன் வந்தான். ட்ரோனின் விசிறி அசையவே இல்லை. ரிமோட் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

"ஏர்போர்ட்டு கிட்டக்கா கீதுக்கா. பர்மிஷன் இல்லாம மோட்டாரே ஓடாது. கேட்டுப் போட்டுட்டேன். எப்ப வரும்னு தெரியாது."

"இது பாண்டிச்சேரிடா. அந்தாண்ட எல்லைக்கல்லத் தாண்டினா தமிழ்நாடு. சரக்குக்கு, பெட்ரோலுக்கு எல்லாத்துக்கும் ரூலு மாறுதே, இதுக்கு மாறாதா?"

வேறு ஊர்க்காரன் என்றால் சிரித்திருப்பான். இந்தத் தெருவில் செல்லாதது அடுத்த தெருவில் செல்லும் என்று பார்த்தே வளர்ந்தவனுக்கு அது நியாயமாகப் பட்டது. "வாக்கா" என்று பைக்கைக் கிளப்பினான்.

கல்லைத் தாண்டி ஒரு முறை முயன்றார்கள். இன்னும் தள்ளிப் போய் ஒரு முறை. அதே சிவப்பு எழுத்து. விமான நிலையத்தைச் சுற்றிப் போட்ட தடை வட்டம் எந்த மாநிலத்தையும் பார்க்காது என்பது அங்கே நின்றபோதுதான் இருவருக்கும் உறைத்தது. தலைக்கு மேல் ஒரு விமானமும் போகவில்லை. ஒரு மணி நேரம்தான் போயிருந்தது.

திரும்பி வந்து மறுபடி இறங்கினார்கள். தேடியவர்கள் விட்ட இடத்திலிருந்து ஏழெட்டுக் கரும்புச் சால் தள்ளி அவர் கிடந்தார். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

தூக்கி வந்து ரோட்டோரம் கிடத்தியபோது, கொல்லைக்கு அந்தண்டை வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த கலியம்மாள் ஓடி வந்தாள்.

"ஐயோ, இவருதானா! பன்னண்டு மணி வாக்குல உள்ளருந்து 'ஓய், ஓய்'னு சத்தம் வந்துச்சே. யாரோ மாடு ஓட்டறாங்கன்னு இருந்துட்டேனே!"

பன்னிரண்டு மணிக்கு ஜோஸ்பின் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இந்தப் பக்கம் கூப்பிட ஆளில்லாமல் செய்தவளும் அவள்தான்.

மண்டியிட்டு அவர் காதருகே குனிந்தாள். ஊரே சுற்றி நிற்க, கூச்சத்தை விட்டு, "சேவியரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக, "சேவியரு" என்றாள்.