வியாகுல மாதாவின் முகம்

ஞானசௌந்தரி டீச்சர் மகனைப் பறிகொடுத்து மூன்று வருடமாகியும் ஒருத்தர் முன்னாலும் அழுதவள் இல்லை. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி மோதி ஜோனத்தான் போன அன்றுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பேசட்டும்.

அவள் அழுதது எட்மண்ட் முன்னால் மட்டும்தான். ஜோனத்தானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளிடமே படித்தவன், இப்போது சுடுமண் சிற்பி. கோவிலம்பாக்கத்துத் துறவு மடத்துச் சாமியார்கள், ஐரோப்பாவில் இருக்கும் பழைய மடங்களின் படங்களை அவனிடம் காட்டியிருந்தார்கள். எல்லாம் சுடுமண் பெண்கள். கழுத்து நரம்பு புடைக்க, உதடு கோண, வெட்கம் மானம் பார்க்காமல் சேசுவின் உடலைச் சுற்றி அழுகிறவர்கள். அதே மாதிரி, மகனை இழந்து அழுகிற ஒரு வியாகுல மாதா வேண்டுமாம்.

"டீச்சர், எனக்காக ஒரு தடவை அழுவீங்களா? அச்சு எடுக்க மாட்டேன். கையால செய்யிற ஒரே முகம், மடத்தை விட்டு வெளியே போகாது. ஜோ மேல சத்தியம்."

ஜோ பெயரைக் கேட்டதும் மடை உடைந்துவிட்டது. நான்கு நாள் அவன் கொட்டகையில் உட்கார்ந்து மூன்று வருடத்து அழுகையையும் அழுது தீர்த்தாள். மாதாவை மடத்தில் வைத்த பிறகு ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தாள். தன் அழுகைக்கும் ஓர் இடம் கிடைத்ததே என்று அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

போன வாரம் பக்கத்து ஃப்ளாட் ரோஹிணி கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். "வந்து பாருங்க டீச்சர், அப்படியே உங்க ஜாடை! எட்மண்ட் கடையில வாங்கினேன்."

டிவி பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. தொட்டி முழுக்க அவள் அழுகிற முகம். உச்சந்தலையிலிருந்து மணிபிளாண்ட் தொங்கியது.

ஆட்டோ பிடித்து நேரே கடைக்குப் போனாள். சுவரோரமாக அவளே வரிசை வரிசையாக அழுதுகொண்டிருந்தாள்.

"என் புள்ள மேல சத்தியம் பண்ணினியேடா!"

எட்மண்ட் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். சிரிச்ச முகமும் போட்டுப் பார்த்தேன், ஒருத்தரும் சீண்டல. இதுதான் போகுது."

பாவி! அவளுக்கு உதடு துடித்து, கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. எட்மண்ட் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தான்.

"டீச்சர், ஒரு நிமிஷம் அப்படியே இருங்க."

அவள் முந்தானையை இழுத்து முகத்தை இறுக மூடிக்கொண்டு, வழி தெரியாமல் சாலையில் இறங்கினாள்.