குளிர்ப் படிப்பு

என் கணவர் தம்பித்துரைக்குத் தன்னுடைய ஜேர்மன் மொழியில் அபார நம்பிக்கை. தமிழில் பேசினால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மகள் லக்சிகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவளோடு ஜேர்மன்தான். சொல் வராமல் திண்டாடினாலும் விடமாட்டார்.

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப்போகிறாள் என்பதையும் அவள் ஜேர்மனில்தான் சொன்னாள். கெல்டியர் என்று ஒரு பழைய இனம். கிறிஸ்துவுக்கு முன்னரே இந்த ஜேர்மனி நாட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களின் மொழியைத்தான் படிக்கப்போனாள். ஜேர்மனில் கெல்டியருக்கும் குளிருக்கும் காதில் விழுவது ஒரே சொல்: கெல்டே. மகள் குளிர்சாதன என்ஜினியராகிறாள் என்று மனிதர் ஹம் நகரம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஜேர்மன் விளங்காத நானும் நம்பினேன். அவர்தானே மொழிபெயர்ப்பாளர்!

எங்கள் பலசரக்குக் கடைக்குப் பக்கத்து இடத்தையும் வாடகைக்கு எடுத்து, குளிர்சாதனத் திருத்தகத்துக்கு மகளின் பெயரில் பலகையும் மாட்டினார்.

போன ஆடியில் கடையின் பிறீசர் நின்றுவிட்டது. உள்ளே பெட்டி பெட்டியாக மீன். திருத்துகிறவனைக் கூப்பிடச் சொல்லி நான் கத்தினேன். வீட்டிலேயே என்ஜினியர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று லக்சிகாவை வரச்சொன்னார். முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்த சந்தோசத்தைச் சொல்ல அவளும் ரயிலேறி வந்தாள். பலகையைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறிப்போனது.

"அப்பா, நான் படிச்சது குளிர் இல்லை. ஒரு பழைய சனத்தின்ரை பாசை," என்று தமிழில் சொன்னாள்.

அவர் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கச் சொன்ன வாயை இனி எங்கே கொண்டுபோய் வைப்பார்? மகள் எதையும் மறைக்கவில்லை என்பது அவருக்கும் விளங்கியது. அதனால் ஏசவும் வழியில்லை.

"அந்தப் பாசை கதைக்கிற சனம் இஞ்சை இப்ப எங்கை?"

"சனம் எங்கையும் போகேல்லை அப்பா. பிள்ளையளோட வேறை பாசையிலை கதைச்சுக் கதைச்சுத் தங்கடை பாசையை விட்டிட்டினம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை கோபத்திலும் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மீன் நாறத் தொடங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் அந்த நினைவே இல்லை.

பிறகு நிமிர்ந்து, "அதிலை ஒரு சொல்லுச் சொல்லு பாப்பம்," என்று தமிழில் கேட்டார்.

பிரான்சில் ஒரு ஈயத் தகட்டில் எழுதிக் கிடைத்த சொல் என்று சொல்லி, "டுக்திர்," என்றாள்.

"டொக்டரோ?" அவர் முகத்தில் பழைய ஆசை எட்டிப் பார்த்தது.

"இல்லை அப்பா. மகள்."