திரும்பாத கை

மோட்டார் சுவிட்சில் வைத்த கையை ரத்தினவேலால் எடுக்க முடியவில்லை. உடம்பு விறைத்துத் துடித்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜெகதாம்பாள் பதறிப்போய் அவரைப் பிடித்து இழுக்கத்தான் பாய்ந்தாள். நல்லவேளை, பாதியில் புத்தி வந்து மெயினை அணைத்தாள். அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கீழே விழவில்லை, எங்கும் மோதவும் இல்லை.

கே.கே. நகரிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே எல்லோருடைய கவனமும் இதயத்தின் மேல்தான். ஈசிஜி நன்றாக இருந்தது. வலது தோள் வலிக்கிறது என்றதற்கு, நேராக நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

உயிர் பிழைத்ததே பெரிது என்று ஜெகதாம்பாளும் அதோடு விட்டுவிட்டாள். ஆனால் அவர் அந்தக் கையை வயிற்றோடு ஒட்டி மடக்கியே வைத்திருந்தார். சட்டை மாட்டிவிடப் போனால் பல்லைக் கடித்தார்.

“சுளுக்குதான். திருவானைக்காவல்ல ஒருத்தர் நல்லா நீவி விடுவாராம். மொதல்ல பெருமாளைக் கும்பிட்டுட்டு, அப்படியே அங்க போயிட்டு வந்துடலாம்” என்றார் மறுநாள் காலை.

ஸ்ரீரங்கத்தில் அர்ச்சகர் தீர்த்தத்தோடு வந்தபோது ரத்தினவேல் வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேல்பக்கம் திரும்பவே இல்லை. தீர்த்தம் விரல்களில் வழிந்து தரையில் சிந்தியது.

“நன்னா ஏந்திக்கோங்கோ” என்றார் அர்ச்சகர்.

ஏந்தத்தான் பார்த்தார். நெற்றி வியர்த்ததே தவிர கை அசையவில்லை. ஜெகதாம்பாள் அந்தக் கையையே கவனித்தாள்.

பிரகாரத்துக்கு வந்ததும் வழிமறித்து நின்றாள். “ரெண்டு கையையும் நீட்டுங்க. உள்ளங்கையைத் திருப்புங்க.”

இடது கை திரும்பியது. வலது கை பூட்டுப் போட்டதுபோல் நின்றது. சட்டைக்கு மேலாகவே இரண்டு தோள்களையும் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் முன்னால தட்டையா இருக்குங்க. பின்னால என்னமோ துருத்திக்கிட்டு நிக்குது.”

“எக்ஸ்ரேலயே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நீ என்ன டாக்டரா?”

“இல்லதான். ஆனா இந்தக் கையில யாரும் எண்ணெய் போட்டு நீவ விடமாட்டேன்.”

ஆட்டோவில் ஏறியதும் அவர், “திருவானைக்காவல்” என்றார். “தென்னூர் போங்க” என்றாள் இவள். டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தென்னூர்தாங்க” என்று அவள் அதட்டிய பிறகே வண்டி நகர்ந்தது. ரத்தினவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காவிரிப் பாலத்தில் வண்டி குலுங்கியபோது மட்டும் முனகினார்.

தென்னூரில் எலும்பு டாக்டர் ப்ரீத்தி பக்கவாட்டில் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

“ஷாக் அடிக்கிறப்ப தசையெல்லாம் ஒரேயடியா இழுத்துடும். அதுல மூட்டு பின்பக்கமா நழுவியிருக்கு. நேரா எடுக்குற படத்துல இது சில நேரம் தெரியாமலே போயிடும்.”

“நீவியிருந்தா டாக்டர்?” என்றாள் ஜெகதாம்பாள்.

“எலும்பு உடைஞ்சிருக்கலாம், நரம்பு கெட்டிருக்கலாம். இன்னைக்கே மயக்கம் கொடுத்து உள்ள தள்ளிடணும்.”

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது ரத்தினவேல் இடது கையால் அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தார். “பயமா இருக்கு ஜெகதா.” அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பதில் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வெளியே உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். ஒருவேளை தாமதமாகியிருந்தால்? நேற்றே அடம்பிடித்திருக்க வேண்டாமா?

டாக்டர் வந்தார். “மூட்டு உக்காந்துடுச்சும்மா. விரலெல்லாம் நல்லா அசைக்கிறாரு.”

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

உள்ளே அவர் கண் விழித்திருந்தார். கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள்.

“எம்மேல கோவமா?” என்று கேட்டாள்.

“பசிக்குது” என்றார்.