பாத்துப் போடு

விமான நிலைய லவுஞ்சில் சாப்பாடு இலவசம். என் நாத்தனாரின் அறிவுரையும் இலவசம். அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பத்தியம்.

நான் ஒரு துண்டு கேக் எடுத்தேன். "பறக்கும்போது இதெல்லாம் செரிக்காது" என்று அதைப் பிடுங்கித் திரும்ப வைத்துவிட்டு, என் தட்டில் வெள்ளரிக்காயைக் குவித்தாள். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு நடு சீட்ல எப்படி உக்காருவே? பக்கத்துல நான்தானே நசுங்கணும்." பின்னால் தட்டோடு நின்ற ஆள் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து காபி போடுகிறவரிடம் போனாள். "எனக்கு சர்க்கரைப்பா, பாத்துப் போடு" என்றாள்.

தன் வியாதியைச் சொல்லி எச்சரிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு வேறு மாதிரிப் புரிந்தது. அவள் திரும்பி என் தட்டை முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தாராளமாக மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வாயில் வெள்ளரிக்காய் இருந்தது.

ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். "நல்ல பால். சர்க்கரை போடாமலே எப்படி இனிக்குது பாரு. நாக்கை அடக்கினா எல்லாமே ருசிதான். உனக்கு எங்க அதெல்லாம் வரப்போகுது?"

"இன்னொரு கப் வாங்கிட்டு வரட்டுமா அண்ணி?" என்றேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளிடம் நான் அன்பாகக் கேட்ட முதல் கேள்வி அது.