அடுத்த வீட்டுக்குக் கேட்கணும்

சேப்பங்கிழங்கைப் போட்டதும் எண்ணெய் சொர்ரென்று சீறியது. பரிமளா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சட்டி வெச்சிட்டேன் மாமா. கேக்குதா? இப்பவாவது எழுந்து பல்லு வெளக்குங்க."

பதில் இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மாமனார் வீரபாகு நேற்று மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு உண்ணாவிரதம் ஆரம்பித்திருந்தார். அவித்த சௌசௌவை விரலால் புரட்டிப் பார்த்து, "இத மாடாவது மோந்து பாக்குமா?" என்று கேட்டார். ராத்திரியும் சாப்பிடவில்லை. எண்ணெயில் வறுத்தது வந்தால்தான் கை நனைப்பேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எழுபது வயதில் அப்படி ஒரு அடம்.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டதால் கிழங்கும் எண்ணெயும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. டாக்டர் சொன்னது அவருக்கு மட்டும்தான். ஆனால் ஒரு மனுஷனுக்கு அவித்ததைப் போட்டுவிட்டு அவர் கண்ணெதிரே நாம் வறுத்ததைத் தின்பதா என்று பரிமளா எண்ணெய்ச் சட்டியையே கவிழ்த்து வைத்துவிட்டாள். அவளுக்கும் அவித்ததுதான். கணவன் தருமன் விவரமானவன். பட்டுநூல் வாங்கப் போகிற சாக்கில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

அதற்கு முன்னால் இந்த வீட்டில் வறுவல் போடுவது ஒரு கச்சேரி. மாமனார் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்ப்பார். "கெழங்கு கொழையக் கூடாது, தோலு உரிஞ்சா போதும். மொளகாப்பொடிய அள்ளிப் போடு, ஏன் பயப்படுற? வறுவல்னா கடிச்சா அடுத்த வூட்டுல திரும்பிப் பாக்கணும்!" கடித்துக் காட்டுவார். தலையை ஆட்டுவார். நன்றாயிருக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு.

கிழங்கின் ஒரு பக்கம் சிவந்துவிட்டது. திருப்பிப் போட்டாள்.

"மாமா?"

கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். வீரபாகு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. தோளைத் தொட்டாள். தலை சரிந்தது. கரண்டி அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது.

தருமன் தறியிலிருந்து எழுந்து ஓடி வந்தான். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். "நைனா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அப்புறம் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சத்தம் கேட்டு வந்த அடுத்த வீட்டுக் காத்தாயிதான் முதலில் விழித்துக்கொண்டாள்.

"தே பரிமளா, அடுப்ப அணை! சட்டி இன்னும் அடுப்புல கீது பாரு!"

சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. கருமாதி முடிகிறவரை எண்ணெய்ச் சட்டியே ஏறக் கூடாது. பரிமளா ஓடிப்போய் அணைத்தாள். பாதி வறுபட்ட கிழங்கு சட்டியிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொட்டவும் அவளுக்குக் கை வரவில்லை.

தறிக்காகத் தெருவில் நீட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டினார்கள். ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் நின்றது. தருமன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், வந்தவாசியில் இருக்கிற அக்காவுக்குச் சொல்லிவிட்டு வந்தான். பரிமளா மாமனாரின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் நெஞ்சை அறுத்தது. வயிறு காய்ந்து போய்விட்டாரே. ஒரு வருஷம் வாயைக் கட்டி, கடைசியில் பட்டினியாக அனுப்பிவிட்டேனே. நேற்றே நான் இறங்கி வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மத்தியானம் நாத்தனார் கிருஷ்ணம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அப்பன் மேல் விழுந்து அழுதாள். தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். போனவள் திரும்பி வரும்போது அவள் முகம் வேறாக இருந்தது.

"நைனா நேத்துலருந்து சாப்டலன்னு தம்பி சொல்றான். சட்டில என்னாடி வறுவல்?"

"அண்ணி, அது மாமாவுக்குத்தான்..."

"அவருக்குத்தான் எண்ணெயே ஆவாதுன்னு வருஷம் பூரா சொல்லிகினு இருந்தியே! பெத்தவரு பட்டினி கெடக்க, நீ வறுத்துத் தின்னுகினு இருந்தியா?"

கூடமே திரும்பிப் பார்த்தது. பரிமளா எல்லார் முகத்தையும் பார்த்தாள். என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? கிருஷ்ணம்மாள் தலைவிரி கோலமாகக் கால்மாட்டில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி ஒப்பாரியை எடுத்தாள்.

"பட்டினியா போனியே நைனா! ஒரு வாய் வறுவலுக்கு ஏங்கிப் போனியே நைனா!"

பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள். இனி இந்தத் தெருவில் அவளுக்கு இதுதான் பெயர். மாமனாரைப் பட்டினி போட்டவள்.

காத்தாயிக்கு ஒப்பாரி என்றால் உயிர். ஒருத்தி எடுத்தால் அடுத்த அடியை விடமாட்டாள். கிருஷ்ணம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ராகம் இழுத்தாள்.

"அறுந்த எழைய பெணச்சவரே, எங்க அண்ணாவே! ராத்திரி கூட எம் வூட்டுல குந்தி, உருளக்கெழங்கு வறுவலோட நாலு தோசை தின்னவரே!"

பரிமளா நிமிர்ந்தாள்.

வீரபாகு தெருவில் பாவு இழை பிணைக்கப் பேர்போனவர். காலையில் பாவு நீட்டும்போது இழை அறுந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண் மங்கியும் விரல் மங்கவில்லை. அந்த வருஷம் என்னவோ தெருவில் இழை அறுந்துகொண்டே இருந்தது. காலையிலும் அறுந்தது, விளக்கு வைத்த பிறகும் அறுந்தது. நேற்று ராத்திரிகூட இழை பிணைக்கப் போய்விட்டு வந்துதான் படுத்தார். நூல் மட்டமாக வருகிறது போலும் என்று பரிமளா நினைத்திருந்தாள்.

எதிர்வீட்டுச் செல்லியம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

"கத்திரிக்கா வறுவலுன்னா கதவத் தட்டி வருவீங்களே! இன்னும் ரெண்டு போடுன்னு தட்ட நீட்டிக் கேப்பீங்களே!"

அதே தெருவில் இருந்த ஜெபராணி டீச்சருக்கு ஒப்பாரி வராது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம நாங்க சர்ச்சுலருந்து வரும்போதே வாசல்ல நிப்பாரு. காலிஃபிளவர் வறுவல் குடுத்தாதான் போவாரு. எழை பெணைக்க வந்தேம்மான்னு சொல்லுவாரு."

டீச்சர் வீட்டில் தறியே கிடையாது.

கிருஷ்ணம்மாள் "பட்டினியா" என்று ஆரம்பித்தவள் மேலே போக முடியாமல் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு "பாவிங்க எங்கள வுட்டுப் போயிட்டியே நைனா" என்று எப்படியோ முடித்து வைத்தாள்.

அடப்பாவி மாமா! பரிமளாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வருஷம்! சுரைக்காய், சௌசௌ, பீர்க்கங்காய் என்று இவள் தண்ணீரில் வேகவைத்து விழுங்கிக்கொண்டிருக்க, இந்த மனுஷன் தெரு முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று ராத்திரி ஐயோ பசியோடு படுத்துவிட்டாரே என்று அவள் தூங்கவில்லை. அவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டல்லவா சுவர் பக்கம் திரும்பியிருக்கிறார்! கோபம் தொண்டைவரை வந்து, அங்கே சிரிப்பாக மாறிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மருமகள் இப்போதுதான் அழ ஆரம்பித்திருக்கிறாள் என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது நிஜமாகவே அழுகையாகிவிட்டது.

வெயில் தாழ எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டைக் கழுவித் தலை முழுகியாயிற்று. உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது. கிருஷ்ணம்மாள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டாள். பரிமளா சமையலறையில் தனியாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, செல்லியம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"திட்டாத பரிமளா. இன்னிக்கு சேப்பங்கெழங்கு போட்டு வெய்யின்னு நேத்தே சொல்லிட்டுப் போயிருந்தாரு. விடியக்காலயே வறுத்துட்டேன். அவருக்குன்னு வறுத்தது. எங்களுக்குத் தின்ன மனசு வரல."

"சாவு வூட்டுல வறுவலா?" கூடத்திலிருந்து கிருஷ்ணம்மாளின் குரல் வந்தது.

"இங்க வறுக்கலியே தாயி. எங்க வூட்டுல வறுத்தது. அதுவும் அவரு உசுரோட இருக்கும்போது வறுத்தது" என்றாள் செல்லியம்மாள்.

பரிமளா டப்பாவைத் தொடவில்லை.

"எல்லார் வூட்டுலயும் தின்னுகினு இருந்தவரு, எங்கிட்ட மட்டும் எதுக்குப் பட்டினி கெடந்து அழிச்சாட்டியம் பண்ணாரு? என்னப் பேஜார் பண்றதுக்கா?"

செல்லியம்மாள் பக்கத்தில் குந்தினாள்.

"நானும் அதத்தான் கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா? 'நானாவது உங்க வூட்டுல, காத்தாயி வூட்டுலன்னு தின்னுகினு கீறேன். அவ எங்க போவா? என்னால அவளும் அவிச்சத முழுங்கிகினு கீறா. தனக்குன்னு சொன்னா சட்டி வெக்க மாட்டா. நான் பட்டினி கெடந்தாதான் வெப்பா. வெச்சான்னா எனக்கு ரெண்டு துண்டு, மீதி அவளுக்கு' அப்டின்னாரு."

பரிமளா அடுப்பின் மேலிருந்த சட்டியைப் பார்த்தாள். எண்ணெய் ஆறி, கிழங்கு ஒரு பக்கம் சிவந்தும் ஒரு பக்கம் வெளுத்தும் கிடந்தது. சமையலறை வாசலில் அவருடைய நாற்காலி இருந்தது. யாரோ கழுவிக் காய வைத்திருந்தார்கள்.

செல்லியம்மாள் டப்பாவைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

பரிமளா ஒரு துண்டை எடுத்தாள். நல்ல சிவப்பு. மிளகாய்ப்பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் போட்டுக் கடித்தாள்.

தெருவில் அன்று ஒரு தறியும் ஓடவில்லை. அடுத்த வீட்டுக் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த காத்தாயி, கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பரிமளா இன்னொரு துண்டை எடுத்தாள்.