நாலு பக்க மனு

பெட்டிஷன் ரைட்டர் தியோடர் என்றால் பிரேசர் டவுனில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கண்டோன்மெண்ட் கச்சேரி வாசலில் மடக்கு மேசையும் மைக்கூடுமாக இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த மனுஷன். இங்கிலீஷில் முத்து முத்தாக எழுதுவார். எழுதுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். வித்தை எழுத்தில் இல்லை ஐயா, மனு யார் கைக்குப் போகிறதோ அந்த ஆளைத் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. வீட்டு வரி துரைக்குக் கண்ணீர் வேண்டும். விதவையும் நாலு பிள்ளைகளும் இல்லாத மனுவை அவர் தொடவே மாட்டார். மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டத்தின் நம்பர் வேண்டும். மெடிக்கல் ஸ்கூல் சூப்பரின்டெண்டென்ட் துரை இருக்கிறாரே, அவர் தனி ரகம். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் படிக்காமலே குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். மேலே டாக்டர் சர்ட்டிபிகேட், கீழே மூன்று வரியில் விஷயம், அவ்வளவுதான். அந்த ஆபீஸ் குமாஸ்தா சுந்தரேசன் சொல்லித்தான் தியோடருக்கு இது தெரியும். சொன்னபடி எழுதி இரண்டு கம்பவுண்டர்களுக்கு லீவும் ஒரு தோட்டிக்குப் பென்ஷனும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

கண்டோன்மெண்டில் பாதிக் குமாஸ்தாக்களை நாற்காலியில் உட்கார வைத்த பேனா அது. என்ன பிரயோஜனம்? சொந்த மகன் நோயலின் மார்க்கில் ஒன்றைக் கூட்ட அதனால் முடியவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. இங்கிலீஷ் நாற்பத்தொன்று. கணக்கு முப்பத்தாறு. சயன்ஸ் ஐம்பத்திரண்டு, அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. பையன் ஊர் சுற்றியோ சோம்பேறியோ இல்லை. மெதுவாக யோசிப்பான், அவன் பதிலை யோசித்து முடிப்பதற்குள் பரீட்சை மணி அடித்துவிடும். ஆனால் மாஸ்க் ரோடு டிஸ்பென்சரியில் மூன்று வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப்போட ஒத்தாசை செய்து வந்தான். அவன் கை பட்டால் குழந்தை அழாது. இதை எழுதி, இவனுக்கு ஓர் இடம் கொடுத்தால் நல்லது என்று அந்த டாக்டர் சிபாரிசு செய்ததால்தான் மெடிக்கல் ஸ்கூல் பட்டியலில் அவன் பெயரே ஏறியது. அதுவும் எங்கே? எடுக்கப்பட்டவர்கள் இருபது பேர். காத்திருப்பவர்களில் முதல் பெயர் நோயல்.

அந்த இருபதாவது பெயர் டொமினிக்.

டொமினிக் வேறு யாருமில்லை, பக்கத்து வீடு. பியாட்ரிஸ் என்கிற விதவையின் ஒரே பிள்ளை. கோவிலில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நம்ம தியோடர்தான். அவனுடைய நாலு வயதில் அப்பன் செத்துப்போனதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, நல்லது கெட்டது பார்த்தது எல்லாம் இவரே. பட்டியல் ஒட்டிய அன்று அவன் முதுகில் தட்டி, "சபாஷ்டா!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் முதல் வாரத்தில் டொமினிக்குக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் டாக்டர் வந்து டைபாய்டு என்றார். ஸ்கூல் திறப்பது ஜூலை மூன்று, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குப் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. இது தெருவுக்கே தெரிந்த விஷயம். சர்வேசுரா, இதைவிடப் பொல்லாத கணக்கு வேறு உண்டா?

தியோடரின் மனைவி பெர்னதெத் தினமும் பார்லிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். "ஜொரம் எறங்குச்சா பியாட்ரிஸ்?" என்று கேட்பாள். குழாயடியில் ஒருத்தி சொன்னாள்: "கஞ்சி குடுக்கப் போறாளா, நாள் எண்ணப் போறாளா?" அது அவள் காதில் விழுந்தது. அந்தச் சனிக்கிழமை கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அழுதேவிட்டாள். "சாமி, அந்தப் புள்ளைக்காக ஜெபமால சொல்றேன். பாதியில நாக்கு நின்னுடுது," என்றாளாம். வீட்டுக்கு வந்து புருஷனிடம் அவளே சொன்னாள். அவருக்கு ஜெபமாலையை எடுக்கவே பயமாக இருந்தது.

ஜூன் இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து தியோடர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பியாட்ரிஸ் வாசலில் நின்றாள். இருபத்தொரு நாள் விழித்த கண் குழிக்குள் போயிருந்தது.

"அண்ணே, ஜொரம் விட்டுடுச்சு. மாதா காப்பாத்திட்டா. ஆனா இன்னும் மூணு வாரம் எழுந்து நடக்கக் கூடாதாம். டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்திருக்காரு. பதினேழாம் தேதி வரைக்கும் எடத்த நிறுத்தி வைக்கச் சொல்லி தொரைக்கு ஒரு மனு எழுதணும். நீங்க எழுதினா நடக்கும்ணே."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள். "நோயலுக்குத்தான் அடுத்த எடம்னு தெரியும்ணே. எனக்கு வேற யாரு இருக்கா?"

"எழுதறேன் தங்கச்சி. சாயந்திரம் வா," என்றார் தியோடர்.

உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். இரண்டே நிமிஷம், மூன்று வரி விழுந்தது. இருபதாம் எண் டொமினிக் டைபாய்டிலிருந்து தேறி வருகிறான். ஜூலை பதினேழு அன்று வருவான். அதுவரை இடத்தை நிறுத்திவைக்கக் கோருகிறோம், சர்ட்டிபிகேட் மேலே. படித்துப் பார்த்தார். கச்சிதம். துரை இதைப் பார்த்த உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்த அறையில் நோயல் ஏதோ முனகிக்கொண்டே எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாதபோதே படிக்கிற பிள்ளை!

அந்தத் தாளை மை ஒற்றும் அட்டைக்கு அடியில் தள்ளினார். நல்ல முழுத் தாளாக நாலு எடுத்தார்.

அன்று எழுதினார் பாருங்கள் ஒரு மனு, அவர் ஜன்மத்தில் அப்படி எழுதியதில்லை. கருணைக் கடலாகிய துரையவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, பதினாலு வருஷம் வெள்ளைச் சேலையில் கிடக்கும் ஏழைத் தாயையும், பீரங்கிப் பட்டாளத்தில் குதிரைக்கு லாடம் அடித்து மாண்டுபோன தகப்பனையும், தெருவிளக்கில் படித்த பிள்ளையையும் வரிசையாக நிறுத்தினார். சர்ட்டிபிகேட்டை நாலாம் பக்கத்துக்குப் பின்னால் குத்தினார். ஒரு வார்த்தை பொய் கிடையாது. யாராவது கேட்டால், எவ்வளவு உழைத்து எழுதினேன் தெரியுமா என்று மார்தட்டலாம். இந்தத் துரை இதை முதல் பக்கத்திலேயே தூக்கி எறிவார் என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும்?

சாயந்திரம் பியாட்ரிஸ் வந்தாள். அவளுக்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் அவள் அழுதாள். மூன்றாம் பக்கத்தில், ஞானஸ்நானத் தொட்டியருகே அந்தப் பிள்ளை தன் விரலைப் பிடித்துக்கொண்டதை எழுதியிருந்த இடத்தில், தியோடரின் குரலும் உடைந்துபோனது. மூக்கைச் சிந்திக்கொண்டு மீதியை வாசித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நோயல்தான் மனுவை எடுத்துக்கொண்டு போனான். பிள்ளையை விட்டு நகர முடியாமல் பியாட்ரிஸ் அவனிடமே கொடுத்துவிட்டாள். சாயந்திரம் திரும்பி வந்தவனிடம், "யார்கிட்ட குடுத்த?" என்று தியோடர் கேட்டார். "ஆபீசுலப்பா," என்றான். அவ்வளவுதான். தெரு முழுக்க ஒரே பேச்சு. "தன் புள்ளை காத்துக்கிட்டிருக்க, ஊரான் புள்ளைக்கு எழுதிக் குடுத்தாரே, மனுஷன்னா அவர்தான்!" எதிரில் வருகிறவனெல்லாம் தொப்பியைக் கழற்றினான். தியோடருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. நோயலுக்கு வெள்ளை டிரில் கோட்டு. பெர்னதெத் மாதா உத்தரியக் கயிற்றை அவன் கழுத்தில் சட்டைக்குள்ளே போட்டு நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினாள். தியோடரும் கூடப் போனார். ஸ்கூல் வராந்தாவில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். சுந்தரேசன் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார். பதினெட்டு, பத்தொன்பது.

"இருபது, டொமினிக். உடல்நலமில்லை. பதினேழாம் தேதி வரை இடம் நிறுத்தி வைத்திருக்கு. காத்திருக்கிறவா எல்லாரும் போகலாம்."

தியோடருக்குக் காது அடைத்தது. நோயல் பெரிய மூச்சாக ஒன்று விட்டான்.

வரிசை கலைந்ததும் தியோடர் சுந்தரேசனைப் பிடித்துக்கொண்டார். "சாமி, அந்த நாலு பக்கத்தையும் தொரை படிச்சாரா?"

"நாலு பக்கமா? எந்த நாலு பக்கம்?" சுந்தரேசன் சிரித்தார். "என்ன ஓய் தியோடர், உம்ம பிள்ளையாண்டான் உம்மகிட்ட சொல்லலையா?" கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார்.

மேலே சர்ட்டிபிகேட். கீழே அதே மூன்று வரி, சாய்ந்து சாய்ந்து விழும் நோயலின் கையெழுத்தில். அதற்கும் கீழே தியோடர் எழுதாத நாலாவது வரி ஒன்று இருந்தது. 'காத்திருப்போரில் முதல் ஆள் நான். எனக்கு ஆட்சேபணை இல்லை. நோயல் தியோடர்.'

"தொரை ரெண்டு தடவை படிச்சார். கையெழுத்துப் போட்டுட்டார்," என்றார் சுந்தரேசன். "அடுத்த வருஷம் எழுதிப் போடட்டும் ஓய். ஆனா அப்போ புதுப் பட்டியல். இந்த மார்க்குக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

அப்பனும் பிள்ளையும் நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் தியோடர் கேட்டார்.

"நான் எழுதின மனு எங்கடா?"

"என் பொட்டியில இருக்குப்பா."

"ஏண்டா குடுக்கல?"

நோயல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். "அந்தத் தொரை நீட்டி எழுதினா படிக்கமாட்டாருன்னு நீங்கதானே சாப்பிடறப்போ சொல்லுவீங்க. மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன். மேச மேல அட்டைக்கடியில சின்னது இருந்துச்சு. அதப் பாத்து எழுதிட்டேன்."

மறந்துவிட்டாராம்! தகப்பன் தப்பித்துக்கொள்ளப் பிள்ளை கதவைத் திறந்து வைக்கிறான். இங்கிலீஷில் நாற்பத்தொன்று வாங்கிய பிள்ளை, நாலு பக்கத்தையும் படித்து, எழுதியவனையும் படித்துவிட்டான். தியோடருக்கு நடு ரோட்டில் கால் நின்றுபோனது.

"உனக்கு ஆசையே இல்லையாடா?"

"இருக்குப்பா. ரொம்ப இருக்கு." சொல்லும்போதே அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுக் கோட்டின் கையால் துடைத்துக்கொண்டான். "ஆனா நாளைக்கு டொமினிக் கட்டில் பக்கத்துல போய் நிக்கணுமில்ல."

சேதி அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. பெர்னதெத் அடுக்களையிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "எழுதினீங்களே, அப்படியே அள்ளிக்கொட்டி எழுதினீங்களே! பெத்த புள்ள வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே! கொஞ்சம் சுமாரா எழுதினா கை ஒடிஞ்சா போயிடும்?" தியோடர் நின்றார். அந்த ஏச்சும் அவருக்கு உரியதில்லை.

அதற்குள் பியாட்ரிஸ் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, உங்க எழுத்துண்ணே! உங்க எழுத்துதான் என் புள்ளைக்கு எடத்தக் குடுத்துச்சு. சாவற வரைக்கும் மறக்கமாட்டேன்." வாசலில் தெருவே கூடி நின்றது.

நோயல் வேண்டாம் என்பதுபோல் அப்பாவைப் பார்த்தான். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கும். தியோடரால் அது முடியவில்லை.

"எழுந்திரு தங்கச்சி. நான் எழுதினது உன் புள்ளை எடம் போகணும்னு எழுதினது. அந்தத் தொரை நீளமா எழுதினா படிக்கமாட்டாரு. தெரிஞ்சேதான் நாலு பக்கம் எழுதினேன். அந்த எடத்தக் காப்பாத்தினது இவன். தன் எடத்த விட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கிறான்."

பெர்னதெத் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பியாட்ரிஸ் மெல்ல எழுந்தாள். நோயலின் அருகில் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படுவாள், சபிப்பாள் என்று தியோடர் காத்திருந்தார். அவள் குரல் உயரவே இல்லை.

"அண்ணே, அன்னிக்கு அதைப் படிச்சுக் காட்டறப்போ நீங்க அழுதீங்களே. அதுவும் பொய்யா?"

பொய் என்று சொல்ல முடிந்தால் அவருக்கே எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல தங்கச்சி," என்றார் தியோடர். "அழுதது நெஜம்."