அவரவர் ஸ்டூலை எடுத்து வரவும்

1

இந்தக் கதை ஒரு ஸ்டூலிலிருந்து பிறந்தது. அதில் உட்கார்ந்தவர் யார் என்பதை நான்காம் பகுதிவரை சொல்வதாக இல்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. கோபத்தைச் சொல்ல வெட்கம் கிடையாது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

[காரகோலிலிருந்து எல்லை தாண்டி வந்த பேருந்து அல்மாத்தியில் நின்றபோது, தெற்கே பனிமலைகள் ஒரு தாயைப் போல அவளை]

அடித்துவிட்டேன். மலை யாருக்கும் தாய் இல்லை. தனியாக ஒரு பெண் வேறு நாட்டுக்குப் போய்விட்டால், எழுதுகிற நாங்கள் உடனே ஒரு மலையையோ மழையையோ அவளுக்குத் துணைக்கு அனுப்பிவிடுகிறோம். மனிதர்கள் செய்யவேண்டியதை மலையின் தலையில் கட்டுவது ரொம்பச் சௌகரியம்.

இரண்டாவது ஆரம்பம் பரவாயில்லை:

பெர்மெத் பல் செய்கிறவள். வயது முப்பத்தொன்று. மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் பீங்கானில் பல் செய்து, தேய்த்து, நிறம் சேர்த்துக் கொடுப்பாள். நாற்பது வருடம் தேநீர் குடித்துப் பழுத்த பல்லுக்குப் பக்கத்தில், அதன் கூடப்பிறந்ததுபோல ஒரு புதுப்பல்லை வைப்பதில் கெட்டிக்காரி. அல்மாத்தியில் ஒரு பட்டறை, மூன்று மாதம் வேலை செய்து பார், பிடித்தால் கையெழுத்துப் போட்டுத் தங்கு என்றது. சொந்த ஊரான காரகோலில் அவளுடைய பழைய நாற்காலியையும் அதே மூன்று மாதம்தான் காலியாக வைத்திருப்பார்கள். தங்குவதா, திரும்புவதா. இதுதான் கதை, வேறு மர்மம் எதுவும் கிடையாது.

2

மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடிவந்தாள். முதலில் வாங்கியவை இரண்டு ஸ்டூல்கள். ஒன்று அவளுக்கு. மற்றது வரப்போகிறவருக்கு.

எங்கள் பக்கம் எரூலிக் என்று ஒன்று உண்டு. புதிதாகக் குடிவந்தவரைப் பழைய குடிகள் அழைத்து, கதவுக்கு நேர் எதிரே மரியாதையான இடத்தில் உட்காரவைத்துக் கறி போடவேண்டும். கூடாரத்தோடு இடம் மாறித் திரிந்த காலத்து வழக்கம். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்திலும் இன்றுவரை விடாமல் நடக்கிறது. காரகோலிலும் இதே வழக்கம்தான், பெயர் மட்டும் கொஞ்சம் மாறும். அதனால் பெர்மெத் காத்திருந்தாள். கூப்பிட்டால் வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பெட்டி மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள்.

நான்காவது வாரம் தம்பி போனில் கேட்டான்.

"என்னக்கா, எரூலிக் குடுத்தாங்களா இல்லையா?"

"குடுப்பாங்கடா. என்ன அவசரம்?"

"ஊர் வாய்க்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்குற. அதுல ஒரு வாய்கூட 'வா, சாப்பிடு'ன்னு சொல்லலையா?"

அடுத்த வாரம் அவன் கேட்டபோது, "குடுத்துட்டாங்க, குதிரைக்கறி, வயிறு வெடிச்சிருச்சு" என்றாள். போனை வைத்துவிட்டு மிட்டாய்ப் பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். பத்தாவது வாரத்தில் பெட்டி காலி.

(இந்த மிட்டாய் விவரம் என் கற்பனை. காலிப் பெட்டியைக் குப்பைத்தொட்டியில் பார்த்தேன், அவ்வளவுதான் நிஜம்.)

3

பதினோராவது வாரம் கதவு தட்டப்பட்டது. பெர்மெத் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு ஓடினாள். நின்றது முதல் மாடி ஷொல்பான். எங்கள் படிக்கட்டில் யார் வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நிற்கிறவள்.

"தங்கச்சி, உங்கிட்ட ஸ்டூல் இருக்கா?"

"இருக்குக்கா. ரெண்டு."

"ரெண்டையும் குடு. ரெண்டாவது மாடிக்குப் புதுசா வந்திருக்காங்கல்ல, புருஷன் பொண்டாட்டி மூணு புள்ளைங்கன்னு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்களுக்கு எரூலிக். ஆளு ஜாஸ்தி, உக்கார இடம் பத்தாது."

பெர்மெத் ஸ்டூல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் புதுசுதானேக்கா. அவங்களுக்கு முன்னாடி வந்தேன்."

ஷொல்பான் சிரித்தாள். ஏளனச் சிரிப்பாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அது பாசமான சிரிப்பு.

"நீ தனி ஆளும்மா. புருஷன், குடும்பம்னு ஒண்ணு வரட்டும், பெருசா வெச்சிருவோம். ஆடே அறுக்கலாம்."

இங்கே பெர்மெத்துக்குச் சூடான ஒரு பதில் எழுதிக் கொடுக்க ஆசைப்பட்டேன். [அப்ப உங்க சோத்துக்கு ஆள் உதவாது, ஸ்டூல் மட்டும் உதவுமா?] இப்படி மூன்று எழுதினேன். ஒன்றையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் செய்தது வேறு. ஈரத்துணி எடுத்து இரண்டு ஸ்டூலையும் நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். அந்தத் துடைப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றி எரிகிறது.*

ஞாயிறு மத்தியானம் கீழே நாலு வீட்டுக் கறி மணத்தது. சிரிப்பும் பாட்டும் தரை வழியாக ஏறி வந்தன. பெர்மெத் சுவரில் சாய்ந்து நின்றபடி ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டாள். உட்கார ஸ்டூல் இல்லை.

* ஷொல்பானை வில்லியாக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாலாம் மாடியில் படுக்கையில் கிடப்பவருக்குத் தினமும் சூப் கொண்டுபோகிறவள். நல்ல மனுஷி. நல்ல மனுஷர்கள் செய்கிற அநியாயத்தைத்தான் எந்தப் பஞ்சாயத்தும் விசாரிப்பதில்லை.

4

நான்காம் பகுதி வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தது நான்தான்.

என் வீட்டு ஸ்டூலுக்குக் கால் ஆடும் என்று அதைக் கொண்டுபோகவில்லை. போனதும் கையில் கிடைத்ததில் உட்கார்ந்தேன். உறுதியான ஸ்டூல். மூன்று தட்டு சாப்பிட்டேன்.

இன்னும் இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இந்தக் கட்டடத்துக்குத் தனியாகத்தான் வந்தேன். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பாத்திரம்கூட இல்லை. வந்த மூன்றாம் நாள் இதே ஷொல்பான் கதவைத் தட்டி, "வாங்க தம்பி, சாப்பாடு ஆறுது" என்றாள். பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார்கள். ஆண் தனியாக வந்தால் அது ஒரு வீடு. பெண் தனியாக வந்தால் வெறும் ஆள். இது எனக்கு அந்த மூன்று தட்டின்போதும் தெரியும். தெரிந்தே மென்றேன்.

விருந்து முடிந்ததும் ஷொல்பான், "எழுத்தாளரே, எதிர் வீடுதானே, ஸ்டூலைக் குடுத்துருங்க" என்று சொல்லி, ஒன்றின்மேல் ஒரு பையையும் வைத்தாள். கொஞ்சம் கறி, கொஞ்சம் பவுர்சாக், அதாவது எண்ணெயில் பொரித்த மாவுருண்டை. சர்கிட் என்போம்: விருந்திலிருந்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற பங்கு.

பெர்மெத் கதவைத் திறந்தாள்.

"இதுல யாருண்ணே உக்காந்தது?"

"ஒண்ணுல நான்மா."

"சாப்பாடு நல்லாயிருந்துச்சா?"

நான் தலையாட்டினேன். அவள் பையைப் பார்த்தாள்.

"சர்கிட்மா. உனக்குன்னு குடுத்துவிட்டாங்க."

"விருந்துக்குப் போனவங்களுக்குக் குடுப்பாங்க. வர முடியாதவங்களுக்கும் அனுப்புவாங்க, சரி. கூப்பிடாதவங்களுக்கு அனுப்பினா அதுக்கு என்னண்ணே பேரு? நீங்கதான் எழுதுறவராச்சே, சொல்லுங்க."

ஸ்டூல்களை மட்டும் எடுத்துக்கொண்டாள். பை என் கையிலேயே நின்றது. வீட்டுக்குப் போய் அதையும் நானே தின்றேன். இதை எழுதவேண்டாம் என்றிருந்தேன்.

5

முடிவுகள்.

[அவள் மூட்டை கட்டிக்கொண்டு காரகோலுக்குத் திரும்புகிறாள். ஜன்னலில் மலை] மறுபடியும் மலை. முடியாது.

[ஷொல்பான் கண்ணீரோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு] ஷொல்பான் அழுது இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

[பட்டறையில் ஒரு நல்ல பையன்] சீ. அப்படியென்றால் ஷொல்பான் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

நான் இப்படித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, அவளே ஒன்று செய்தாள். புதன்கிழமை காலை, கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பல்வரிசைபோல ஒழுங்கான கையெழுத்து:

'மூன்றாம் மாடி, எண் பதினொன்று. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. எனக்கு நானே எரூலிக் கொடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் வரலாம். என்னிடம் இரண்டு ஸ்டூல்தான் இருக்கிறது. அவரவர் ஸ்டூலை எடுத்து வரவும்.'

ஷொல்பான் தாளின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இது என்ன கூத்து! வந்தவளே எரூலிக் குடுப்பாளா? கேட்டவன் சிரிக்கமாட்டான்?"

"நாம குடுக்கலையேக்கா" என்றேன்.

"நாமன்னா? நீங்க ஏன் குடுக்கல எழுத்தாளரே? எதிர் வீடு உங்களுதுதானே?"

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அடுத்தவள் புகையை மோந்து பார்த்திருக்கிறேன். படியேறினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறிப்பையோடு ஏறிவந்த பெர்மெத்தைப் படியில் பார்த்தேன்.

"ஒருத்தரும் வரலைன்னா என்னம்மா பண்ணுவ?"

"நானே தின்னுட்டு திங்கக்கிழமை பஸ் ஏறுவேன். அன்னிக்குத்தான் பட்டறையில கையெழுத்தும். ஒருத்தர் வந்தாக்கூட போட்டுருவேன். ஒருத்தர் போதும்ணே." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "பாவம்னு நினைச்சு வர்றவங்க மட்டும் வரவேணாம்."

6

இன்று சனிக்கிழமை. மணி இரண்டேகால்.

எதிர்வீட்டில் கறி வெந்த வாசம் வருகிறது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள். கீழே ஷொல்பான் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, காலடி கேட்கவில்லை, மறுபடி மூடுகிற சத்தம். அவளும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், முதலில் போகிறவர் யாரென்று. இந்தப் படிக்கட்டில் இருபது வீடு. இருபது கதவுக்குப் பின்னாலும் ஒரு காது இருக்கும்போல.

நீங்கள் என்றால் போவீர்களா என்று கேட்கமாட்டேன். கதையில் எல்லோரும் போவார்கள். உங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

முடிவு என்னிடம் இல்லை. வெறுங்கையோடு போகவும் முடியாது, ஒரு பெட்டி மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். மிச்சம் இருப்பது ஸ்டூல். என் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, கால் ஆடுகிற அதே ஸ்டூல். இதில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்தால்தான் இதைத் தூக்கமுடியும். எழுந்துவிட்டால் எழுத